வெள்ளைத் தாளில் ஒரு பெயர்

சிட்லபாக்கம்
10 ஜூன் 2025

அன்புத் தம்பி தயாளனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரம் முடிந்து நான் கிளம்பியபோது, கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, நான் வேணாம் வேணாம்னு கத்தினேன். அது யார் கணக்குலயுமே வராதா?" ஆயுசில் பாதியை அறிவியல் பாடம் எடுத்தே கழித்தவள் நான். கேள்விக்குப் பயந்ததில்லை. ஆனால் அன்று ரயில் ஏறித் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கும்வரை எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரிந்துவிட்டது. அந்த வேகத்தில், முதலில் கேட்க வேண்டிய நலத்தை இரண்டாவதாகக் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? கொஞ்சமாவது தூங்குகிறாயா? இங்கே நாங்கள் இருவரும் சுகம். மாமா ஏரிக்கரையில் நடந்ததைவிட அதிக நேரம் அதைப் பற்றிப் பேசுகிறார்.

நேற்று கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டரில் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தை முழுசாக அச்செடுத்து வாங்கி வந்தேன். படித்துவிட்டேன். தயா, உன் 'வேணாம்' கணக்கில் வருகிறது.

கேள். ஒருவரை அவர் விருப்பம் இல்லாமல் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமானால் ஒரு மனநல மருத்துவரும் இன்னொருவரும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். ஒருவர் பேப்பரைப் பார்த்து இன்னொருவர் காப்பி அடிக்கக் கூடாது. அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று இருந்தால்தான் சேர்க்கலாம். அப்படியும் முப்பது நாளுக்குமேல் வைப்பதென்றால் மறுஆய்வு வாரியம் ஒன்று சம்மதிக்க வேண்டும். நீதிபதியாக இருந்தவர் தலைமையில் நடக்கும் அந்த வாரியத்திடம் நீயே முறையிடலாம்.

எப்படிச் சொல்வது? பரீட்சை நாளில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் ஏறிப் பிதற்றினால், பேனாவை வாங்கி வைத்துவிட்டு அவளைப் படுக்க வைப்போம். அதற்காக வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிடுவோமா? அதுதான் இந்தச் சட்டம்.

இன்னொரு அழகான பிரிவு. உனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நீயே நியமிக்கலாம். நியமிக்காவிட்டால்தான் மனைவி என்ற முறையில் தீபா அந்த இடத்துக்கு வருகிறாள். முத்திரைத்தாள், வக்கீல் எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள், ஒரு பெயர், உன் கையெழுத்து. பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கூடுவாஞ்சேரியில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவனை, அவன் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போயிருக்கிறாள் தீபா. நான் அழைத்தால் போன் எடுப்பதில்லை. அன்று என்னதான் நடந்தது?

வார்டு போனில் நீ பேச ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர்களுக்குச் சாப்பாட்டு மணியே அடித்துவிடுகிறதாம். அதனால் எழுது.

உன் அக்கா,
செல்லியம்மாள்


ஆண்கள் வார்டு
14 ஜூன்

என் அக்காவும் என் வக்கீலும் என் ஹெட்மிஸ்ட்ரஸுமான செல்லியம்மாளுக்கு,

நான் சுகம். சுகம்ங்கிறது சின்ன வார்த்தை. இந்த உடம்புக்குள்ள ஒரு பவர் ஹவுஸே ஓடுது. உன் லெட்டரை வார்டு முழுக்கச் சத்தமா படிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. பக்கத்துக் கட்டில் அத்தாவுல்லா பாய், பல்லாவரத்துல தோல் வியாபாரம், அவர் அந்தக் காய்ச்சல் உதாரணத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். இனிமே நீ எழுதறது எனக்கு மட்டும் இல்ல, பதினெட்டு பேருக்குன்னு நெனச்சு எழுது.

இங்க வராண்டாவுல போக்குவரத்து ஒழுங்கே கிடையாது. இப்ப நான் சரி பண்ணிட்டேன். எல்லாரும் இடது பக்கமாத்தான் நடக்கறாங்க. பாத்ரூம் திரும்பறதுக்கு முன்னாடி கையைக் காட்டறாங்க. நர்ஸம்மா டிரே எடுத்துக்கினு வந்தா ஆம்புலன்ஸுக்கு விடற மாதிரி ஒதுங்கறாங்க. அவங்களே சிரிச்சுட்டாங்க. ஜி.எஸ்.டி ரோட்டுக்கும் எங்கிட்ட ஒரு பிளான் இருக்கு. சிக்னல் எதுவும் வேணாம். பெருங்களத்தூர்ல கிளம்பினா செங்கல்பட்டு வரைக்கும் பிரேக்ல கால் வைக்க வேணாம். தைரியமா ஒருத்தன் முன்னாடி போனா போதும், பின்னாடி எல்லாம் தானா வரும். வரைஞ்சு வெச்சிருக்கேன். அடுத்த லெட்டர்ல அனுப்பறேன்.

வெள்ளைத் தாள் வேலை முடிஞ்சுது. உன் பேர்தான். டாக்டர் மிருதுளா கையில குடுத்துட்டேன். வேற யார் பேரை எழுதுவேன்? மார்க் குறைஞ்ச கார்டை எல்லாம் அப்பா கண்ணுல காட்டாம நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுப்பே.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டே. ஒண்ணும் நடக்கல. தூக்கம் கம்மி, வேலை ஜாஸ்தி. தீபாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம், அவ்வளவுதான். என்னை வெளில எடு. ஆறு பேர் லைசென்ஸ் டெஸ்டுக்கு நிக்கறாங்க.

எம் பொண்ணு தமிழினி உன்கிட்ட பேசினாளா? என்ன சொன்னா? சும்மாதான் கேக்கறேன்.

மாமாவுக்கு என் சல்யூட்.

தயாளன்


சிட்லபாக்கம்
18 ஜூன்

அன்பு தயாவுக்கு, அத்தாவுல்லா பாய் முதலான பதினேழு பேருக்கும்,

அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி. எனக்கு ஒரு வலியும் இல்லை, வலிக்க நேரம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி ஆபீஸில் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து உன் பிரதிநிதி நான். குமாஸ்தா, "வைஃப் இருக்கும்போது சிஸ்டர் எப்படிம்மா?" என்றார். சட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் படிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே நாற்காலியைக் காற்றாடிக்கு நேராக நகர்த்திப் போட்டார். உன்னை விடுவிக்கச் சொல்லி வாரியத்துக்கும் மனு எழுதிவிட்டேன். மூன்று பக்கம். "இவரால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை" என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட மனுவை ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் இருபத்தேழாம் தேதி அவர்கள் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள்.

இனி நீ செய்ய வேண்டியது தயாரிப்பு. மாதிரி வினாவிடை இணைத்திருக்கிறேன். இன்று என்ன தேதி, என்ன கிழமை, நீ எங்கே இருக்கிறாய், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, மாத்திரையின் பெயர் என்ன, கோபம் வந்தால் என்ன செய்வாய். விடைகளை மனப்பாடம் செய்யாதே, புரிந்து படி. பாய் கேள்வி கேட்கட்டும், நீ பதில் சொல்லு. வேகமாகப் பேசாதே. ஒவ்வொரு விடைக்கும் பிறகு மூச்சு விடு. நூறிலிருந்து ஏழைக் கழிப்பதில் தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு சின்ன வயதில் எண்பத்தைந்து என்பாய். எண்பத்தாறு. மறக்காதே.

இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். "பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு உனக்கா அவனுக்கா?" என்கிறார் மாமா.

இனிமேல் கையெழுத்து என்னுடையது என்று தீபாவுக்குச் செய்தி அனுப்பினேன். "சரிங்க அண்ணி" என்று மட்டும் பதில் வந்தது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. தமிழினி இன்னும் என்னிடம் பேசவில்லை. காலேஜில் வேலை இருக்கும்.

வெற்றி நமக்கே.

செல்லி அக்கா


ஆண்கள் வார்டு
20 ஜூன்

அக்காவுக்கு,

சுகம். மாத்திரை புதுசு. கை கொஞ்சம் நடுங்குது, அதான் எழுத்து கோணல். நாக்கு உலர்ந்து போவுது. நேத்து எட்டு மணி நேரம் தூங்கினேன்னு நர்ஸம்மா சொன்னாங்க.

உன் வினாவிடை வந்துச்சு. பாய் கேக்கறார். "நீ எங்க இருக்கே?"ன்னு கேட்டுட்டு அவரே "நரகத்துல"ன்னு சொல்லிச் சிரிக்கறார். எண்பத்தாறு ஞாபகம் இருக்கு.

டாக்டர் மிருதுளாவும் உன் லெட்டரைக் கேட்டாங்க, நான்தான் படிக்கக் குடுத்தேன். ரெண்டு நாளா தூக்கம் இல்ல, அவ்வளவு சந்தோஷம்னு எழுதியிருந்தே பாரு, அங்க நிறுத்தி, "உங்க சிஸ்டருக்கு என்ன வயசு? இதுக்கு முன்னாடி இப்படி இருந்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. வார்டே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் என் பழைய லெட்டரை நெனச்சேன். ஜி.எஸ்.டி ரோடு படம் அனுப்பறேன்னு சொன்னேனே. அனுப்பல. எடுத்துப் பார்த்தா ஒரே கோடா இருக்கு, எனக்கே புரியல.

இப்போதைக்கு நீ கூடுவாஞ்சேரி வீட்டுக்குப் போவாதே. தீபாவுக்கு வேலை இருக்கும்.

வேற ஒண்ணும் இல்ல.

தயா


சிட்லபாக்கம்
22 ஜூன், ஞாயிறு

தம்பி தயாளனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போகாதே என்று எழுதினாய். அதனாலேயே போனேன்.

கதவைத் தமிழினிதான் திறந்தாள். வலது கை முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. இடது கையால் தாழ்ப்பாளை எடுக்கத் தெரியாமல் தடுமாறி எடுத்து, "வாங்க அத்தை" என்று சிரித்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தீபா காபி கொடுத்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்துப் போனேன். போடவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நாலாம் தேதி சாயங்காலம் மகளைக் காலேஜிலிருந்து அழைத்து வருகிறேன் என்று நீ போனதும், ஜி.எஸ்.டி ரோட்டில் எதிர்த்திசையில் பைக்கைச் செலுத்தியதும், "பயப்படாதே, எல்லாம் தானா ஒதுங்கும்" என்று பின்னால் இருந்தவளிடம் கத்திக்கொண்டே போனதும், ஒரு வேன் உரசியதில் அவள் விழுந்ததும். கீழே விழுந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு செய்த முதல் வேலை, நின்றவர்களிடம் "அப்பாவை அடிக்காதீங்க" என்று கெஞ்சியதாம். வெளியே தெரிந்தால் டிரைவிங் ஸ்கூல் பெயர் போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியதும் அவள்தான். அதனால்தான் தீபா என் போனை எடுக்கவில்லை. டாக்டர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கிளம்பும்போது தீபா ஒன்று சொன்னாள். "நீங்க வந்து கையெழுத்தை வாங்கிக்கிட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு அண்ணி. அவர் என்னைப் பார்த்த பார்வையை இனி நீங்க பார்த்துக்குங்கன்னு நெனச்சேன்."

தயா, "யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை" என்று அடிக்கோடிட்டு எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கார்டில் போட்ட மாதிரியே, என்ன மார்க் என்று பார்க்காமல்.

என் மேஜைமேல் இப்போது இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று, மனுவையே திரும்பப் பெறும் கடிதம். இன்னொன்று, அந்த வாக்கியத்தை மட்டும் திருத்தும் கடிதம். உன்னைக் கேட்காமல் எதையும் அனுப்பினால், உன் வார்த்தை கணக்கில் வரும் என்று நான் எழுதியதற்கு அர்த்தமே இல்லை. உடனே பதில் போடு.

செல்லி


சிட்லபாக்கம்
26 ஜூன்
மாமா கையில் கொடுத்தனுப்புவது

தயா,

பதில் வரவில்லை. இனியும் காத்திருக்க முடியாது. வாக்கியத்தைத் திருத்தி, நடந்ததை நடந்தபடி எழுதி வாரியத்துக்குக் கொடுத்துவிட்டேன். மனு மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னை வெளியே விடச் சொல்லித்தான் இன்னும் கேட்கிறது. அது உன்னுடைய விருப்பம், என்னுடையது அல்ல.

நாளை காலை வந்துவிடுவேன். முகச்சவரம் செய்துகொள். வெளிர்நீலச் சட்டையை மாமா கொண்டுவருகிறார். சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அக்கா


ஆண்கள் வார்டு
29 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். நாக்கு உலர்றது குறைஞ்சிருக்கு. அன்னிக்கு உன் முகத்தைப் பார்த்தப்பவே உனக்கும் சரியா தூக்கம் இல்லன்னு தெரிஞ்சுது. பிரஷர் மாத்திரை போடறியா?

வெள்ளிக்கிழமை உன்னை வெளில உட்காரச் சொல்லிட்டாங்க. அப்புறம் உள்ள என்ன பேசினேன்னு நீ கேட்டதுக்கு, "நல்லதுதான்"னு மட்டும் சொன்னேன். வாயால சொல்ல வரல. எழுதறேன்.

அஞ்சு பேர் இருந்தாங்க. நடுவுல வயசான ஜட்ஜ். ஓரத்துல டெபோரான்னு ஒரு அம்மா. "நானும் இதே மாதிரி கட்டில்ல ரெண்டு தடவை படுத்தவதாங்க, பயப்படாதீங்க"ன்னு அவங்களே சொன்னாங்க. நோயாளியா இருந்தவங்களையும் அந்த நாற்காலியில உட்கார வெக்கலாமாம். அது உன் லெட்டர்ல இல்லையே அக்கா, இதைப் படிச்சா நீ எகிறிக் குதிப்பேன்னு நெனச்சேன்.

உட்கார்ந்த உடனே நான் ஆரம்பிச்சுட்டேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஜூன் இருபத்தேழு, தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு. ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் நாங்க கேக்கவே இல்ல சார். உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா, உன் வினாவிடையில இந்தக் கேள்வி இல்ல.

யாரும் அவசரப்படுத்தல. அப்புறம் சொன்னேன். "எம் பொண்ணு கை உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டதுக்கு அப்புறமும், வண்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓட்டணும்னுதான் தோணிச்சு. இன்னிக்கு அப்படித் தோணல. நாளைக்கு எப்படின்னு தெரியல. இப்ப வீட்டுக்குப் போக எனக்கு பயமா இருக்கு."

இதைத்தான் நான் உனக்கு எழுதாம விட்டேன். உன் ஞாயித்துக்கிழமை லெட்டருக்குப் பதில் எழுத உட்கார்ந்தா இந்த ஒரு வரியில வந்து நின்னுடுச்சு.

"அப்ப இங்கயே இருக்கீங்களா?"ன்னு டெபோராம்மா கேட்டாங்க. இருக்கேன், ஆனா என்னைப் புடிச்சு வெச்ச மாதிரி வேணாம்னேன். டாக்டர் மிருதுளா, எனக்கு இப்ப தெளிவு வந்துடுச்சு, என்னை வலுவில வெக்க வேண்டிய அவசியம் இல்ல, நானா விரும்பினா என் சம்மதத்துல இருக்கலாம்னு சொன்னாங்க. பழைய சேர்க்கையை அங்கயே முடிச்சுட்டாங்க. புதுசா ஒரு சேர்க்கை. அதுல கீழ ஒரே ஒரு கையெழுத்து, என்னோடது. கோணலாத்தான் வந்துச்சு, ஆனா போட்டேன்.

தமிழினியை ஞாயித்துக்கிழமை வரச் சொல்றியா? அவளுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்.

உன் தயா


சிட்லபாக்கம்
3 ஜூலை

என் கண்ணான தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம். பிரஷர் மாத்திரை போடுகிறேன், தூங்கவும் செய்கிறேன். டாக்டர் மிருதுளாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடு.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கு பயமா இருக்கு" என்ற இடத்தில் அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு அந்த வினாவிடையை வைத்து என்னை ஒரு மணி நேரம் கேலி செய்தார். நோட்ஸ் போட்டவள் முக்கியமான கேள்வியை விட்டுவிட்டாள் என்று ரிட்டயர்டு டீச்சர்கள் சங்கத்தில் சொல்லப் போகிறாராம். சொல்லட்டும். முழுப் பாடத்தையும் படித்துவிட்டு, பாடத்தின் தலைப்பைப் படிக்காமல் போனேன்.

ஆனால் எனக்கு இப்போதும் கால் தரையில் படவில்லை. யோசித்துப் பார். வகுப்புக் கதவைப் பூட்டிவைத்து உட்காரவைத்த பிள்ளையும், கதவு திறந்திருக்கும்போது பாடம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அதே பெஞ்சு, அதே புத்தகம். ஆனால் ஒன்றா? உன் கட்டில் மாறவில்லை, மாத்திரை மாறவில்லை. எல்லாம் மாறிவிட்டது.

அடுத்த வேலையும் இருக்கிறது. மறுபடி உடம்பு சரியில்லாமல் போனால் எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று, தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று அதற்குப் பெயர். உன் பிரதிநிதி என்ற முறையில் நான் ஒரு வரைவு தயார் செய்கிறேன். இனி எது வந்தாலும் உன் பக்கத்தில் நான்தான். கவலையே படாதே.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இனி தீபாவுக்கும் தமிழினிக்கும். நான் வரமாட்டேன். எழுதிக்கொண்டிருப்பேன். தமிழினிக்கு வர இஷ்டமா என்று கேட்டேன். "என்ன அத்தை கேள்வி இது?" என்றாள்.

பாய்க்கு ஸலாம் சொல்.

செல்லி அக்கா


சிட்லபாக்கம்
16 ஜூலை

தயா,

நலம்தானே? வரைவு அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. அதற்கும் பதில் இல்லை, முந்தைய கடிதத்துக்கும் இல்லை. தீபாவைக் கேட்டால் நன்றாகச் சாப்பிடுகிறார், எடை கூடியிருக்கிறது என்கிறாள். என்னிடம் சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும்.

அக்கா


கூடுவாஞ்சேரி
25 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துட்டேன். வீட்டுல எல்லாரும் சௌக்கியம். தமிழினி கட்டு பிரிச்சாச்சு, கையை மடக்கி நீட்டப் பயிற்சி பண்றா. வண்டிச் சாவி தீபாகிட்ட. ஸ்கூலை இப்ப மத்தவங்க பார்த்துக்கறாங்க. நான் ஆபீஸ்ல மட்டும் உட்கார்றேன். போன் பண்ணியிருக்கலாம். போன்ல சொன்னா நீ நடுவுல பேசிடுவே, நான் சரின்னு சொல்லிடுவேன். அதான் எழுதறேன்.

வாரியம் வந்த அன்னிக்கே, நீ ஆட்டோ ஏறினதும், நான் டாக்டர் மிருதுளாகிட்ட இன்னொரு வெள்ளைத் தாள் குடுத்தேன். உன் பேரை எடுத்துட்டு தீபா பேரை எழுதினேன். நீ சந்தோஷமா வரைவெல்லாம் அனுப்பறே, நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு வாரம் ஓட்டிட்டேன்.

கோபப்படாதே அக்கா. கேளு. நான் கத்துக்குடுக்கற கார்ல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்த சீட்டுல உட்கார்றவங்களுக்கு, ஓட்டறவன் மேல பாசம் இருந்தா மட்டும் பத்தாது. அவன் கத்தினாலும் கால் வைக்கணும்.

நீ எனக்காக யார்கூட வேணா சண்டை போடுவே. எங்கூட மட்டும் போட மாட்டே. மறுபடி அந்த வேகம் வந்தா நான் மொதல்ல உன்னைத்தான் பேசி மயக்குவேன். ஒரு தடவை மயக்கியும் பார்த்துட்டேனே, மூணு பக்கம் மனு எழுதிட்டே. தீபாகிட்ட அது நடக்காது. அவகிட்ட நான் கோபமா பேசினேன், திட்டினேன், அவ அழுதுகினே ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா. நான் 'வேணாம்'னு கத்தறப்பவும் எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவ பேரை, நான் தெளிவா இருக்கறப்ப எழுதியிருக்கேன். இப்ப சொல்லு, நான் கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதில் இதானே?

தீபா ஒடனே ஒத்துக்கல. "மறுபடி நான்தான் கெட்டவளா?"ன்னு கேட்டா. ஒரு வாரம் யோசிச்சுட்டு சரின்னா.

நீ கோபமா இருந்தா மாமா மூலமா சொல்லி அனுப்பு.

தயா


சிட்லபாக்கம்
3 ஆகஸ்ட்

அன்பு தயாளனுக்கும் தீபாவுக்கும் தமிழினிக்கும்,

மூன்று பேர் பெயரையும் ஒரே வீட்டு விலாசத்தில் எழுத முடிந்ததே, அதுவே நலம். நாங்களும் நலம்.

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாருடனும் பேசவில்லை. ஆஸ்பத்திரி ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது நான், மனு எழுதியது நான், பெயர் மட்டும் அவளுடையதா என்று உள்ளே ஒரு சின்னப் பிள்ளை அழுதது. மாமாவிடம் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "உன் தம்பிக்குப் புத்தி தெளிஞ்சுடுச்சுன்னு இதைவிட ஒரு சர்டிபிகேட் எந்த டாக்டரால குடுக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தயா. சிரித்த பிறகு, அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்த நாளில் வந்த அதே படபடப்பு மறுபடியும் வந்தது. அதில் இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்று நான் படிக்கவே இல்லை. நமக்காக யார் வாதாடுவார்கள் என்று மட்டுமே நினைத்துப் படித்தேன். நம்மிடமே யார் வாதாடுவார்கள் என்று நீ படித்திருக்கிறாய்.

உடனே நானும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். எனக்கும் வயசாகிறது. நாளைக்கு என் தலைக்குள் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? முதலில் மாமா பெயரை எழுதப் போனேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்காவது இவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாரா என்று யோசித்தேன். கேலி செய்வார், பிறகு செய்து முடிப்பார். உன் பெயரை யோசித்தேன். நீயும் நானும் ஒரே மண்ணில் செய்த பானைகள், ஒன்றை ஒன்று தூக்கிப் பிடித்துக்கொண்டு உடைவோம். கடைசியில் நான் எழுதிய பெயரும் தீபாதான்.

நேற்று அவளை போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏங்க அண்ணி, இந்தக் குடும்பத்துல வேணாம்னு சொல்றதுக்கு நான் ஒருத்திதான் கெடைச்சேனா?" என்றாள். ஆமாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. உடனே சரி என்று சொல்லியிருந்தால் பெயரை அடித்திருப்பேன்.

அடுத்த மாதம் நீ டாக்டரைப் பார்க்கப் போகும்போது, என் கடிதங்களைக் கேட்டுப் பழகிய பாய்க்கும் வார்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் படித்துக் காட்டு. உதாரணம் எதுவும் சொல்ல வேண்டாம், இந்தத் தடவை உதாரணம் இல்லை. செய்ய வேண்டியது மட்டும்தான்:

மனம் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்களிடம் 'மாட்டேன்' என்று சொல்லத் தயங்காத, ஆனால் சொல்லிவிட்டு உங்களை விட்டுப் போகாத ஒருவரின் பெயரை எழுதுங்கள். எழுதிவிட்டு, அவரிடமே போய்ச் சம்மதமா என்று கேளுங்கள்.

அக்கா,
செல்லியம்மாள்